வெள்ளிக்கம்பிப் பின்னல்: மரபும் உழைப்பும்

கைவினைப் பொருளை அதனை ஆக்கியோனின் வாழ்விலிருந்து பிரித்தெடுத்துப் போற்றும் மனப்பாங்கு, கலை மரபு பற்றிய எழுத்துக்களிலே ஆழ வேரூன்றியுள்ளது. பொருள் அருங்காட்சியகத்தை அடைகின்றது, கைகள் மறக்கப்படுகின்றன. ஒடிசா மாநிலத்துக் கட்டாக் நகரின் 'தாரகாசி' எனப்படும் வெள்ளிக்கம்பிப் பின்னல் வேலை, இம்மனப்பாங்கின் குறைபாட்டை உணர்த்தும் தக்க சான்றாகும்.

இத்தொழிலின் செய்முறையே முதலில் நோக்கற்பாலது. வெள்ளியை உருக்கிக் கோலாக்கி, படிப்படியாகச் சிறுக்கும் துளைகளையுடைய உலோகத் தகட்டினூடாக இழுத்து மெல்லிய கம்பியாக்குவர். இரு கம்பிகளை முறுக்கித் தட்டையாக்கி, தடித்த கம்பியாலான சட்டத்தினுள்ளே சுருளாகவும் இலையாகவும் பூவாகவும் நிரப்புவர். பின்னர் வெண்காரமும் பற்றாசும் இட்டு, தீயை ஊதி ஒட்டுவர். பற்றாசு உருகவேண்டும், கம்பி உருகலாகாது. கணப்பொழுது வெப்பம் மிகுந்தாலும் நெடுநேர உழைப்பு வீணாகிவிடும். எனவே இவ்வேலையின் அழகு உலோகத்தின் திரட்சியில் இல்லை. கம்பிகளுக்கிடையே விடப்படும் வெளியில் உள்ளது. உலோகம் குறையுந்தோறும் உழைப்பு மிகுகின்றது.

இவ்விடத்திலேயே இக்கலையின் அடிப்படை முரண்பாடு தோன்றுகின்றது. வெள்ளி நிறையால் விலைபெறும் பொருள். நிறையினை அளவுகோலாகக் கொள்ளும் சந்தையில், நிறையற்ற வெளியை ஆக்கும் திறமைக்கு உரிய மதிப்புக் கிடைத்தல் அரிது. கைவினைஞன் எவ்வளவுக்கு நுண்மையை நாடுகின்றானோ அவ்வளவுக்குச் சந்தையின் கணக்கில் அவன் ஆக்கம் சிறுத்துவிடுகின்றது.

மரபு மாறாதது என்ற கருத்தும் மறுபரிசீலனைக்குரியது. ஒடிசி நடனம் 1950களில் அரங்கக்கலையாகப் புத்துருப் பெற்றது. இன்று அந்நடன மாதர் அணியும் வெள்ளி அணிகள் தாரகாசிக்குப் பெரும் ஆதரவாயுள்ளன. 1956இல் கட்டாக்கின் சௌதுரி பஜாரில் துர்க்கைப் பூசைக்கு வெள்ளியாலான பின்புலம் அமைக்கப்பட்டது. பிற பகுதியினரும் அதனைப் பின்பற்றினர். பழமையானவையெனத் தோன்றும் இவ்வழக்குகள் அண்மைக்காலத் தேவைகளின் விளைவுகளே. கலையைக் காத்தது பழமை மாத்திரமன்று; புதிய பயன்பாடும் ஆகும்.

இவ்விடத்தில் ஆனந்த குமாரசுவாமியின் நோக்கினையும் மதிப்பிடுதல் பொருத்தமாகும். 'மத்தியகாலச் சிங்களக் கலை' (1908), 'இந்தியக் கைவினைஞன்' (1909) ஆகிய நூல்கள் மூலம், கலைப்பொருளிலிருந்து கலைஞனை நோக்கி ஆய்வாளரின் கவனத்தைத் திருப்பிய பெருமை அவருக்குரியது. ஊரைச் சார்ந்தோர், தொழிற்குழுவினர், அரசையோ கோயிலையோ சார்ந்தோர் எனக் கைவினைஞரை அவர் வகுத்து நோக்கினார். எனினும் பழைய சமூக அமைப்பு வழங்கிய பாதுகாப்பை வலியுறுத்திய அளவிற்கு, அது பிறப்பினடிப்படையில் விதித்த கட்டுப்பாட்டை அவர் வலியுறுத்தினாரல்லர். மேலும், மூலப்பொருளுக்கும் விற்பனைக்கும் வணிகனையே நம்பி, கூலிக்கு உழைப்பவன் அப்பாகுபாட்டினுள் எளிதில் அடங்கான்.

2024இல் கட்டாக் தாரகாசிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. போலிகள் அப்பெயரைத் தாங்கி விற்கப்படுவதைத் தடுக்க இது உதவும். ஆயின் சட்டம் பெயரைக் காக்கின்றதேயன்றிக் கூலியை நிர்ணயிப்பதில்லை. அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமையைப் பெறுதற்குங்கூட உற்பத்தியாளர் தம்மைத் தனியே பதிவுசெய்தல் வேண்டும். பதிவேட்டில் இடம்பெறாத கைகளுக்கு அப்பெருமையால் விளையும் பயன் சொற்பமே.

ஒரு கைவினையை 'பண்பாட்டுச் செல்வம்' எனப் பாராட்டுதல் எளிது. தந்தையின் பட்டறையில் மகனோ மகளோ விரும்பி அமர்தற்கு ஏதுவான ஊதியம் உண்டா என வினவுதலே பயனுள்ள விமர்சனத்தின் கடமையாகும். அவ்வினாவை எழுப்பாத மரபுப் பற்று, அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்கு மேலும் ஒரு பொருளைச் சேர்க்குமேயன்றி, பட்டறைத் தீயை அணையாது காக்கமாட்டாது.