மலைபடுகடாமும் சேய்மைச் செலவும்

பத்துப்பாட்டினுள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்த பாட்டுக்கள் ஐந்து. அவற்றுள் அளவாற் பெரியது 583 அடிகளையுடைய மலைபடுகடாம். செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னனை இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை என்பது இதன் மறுபெயர். பரிசில் பெற்று மீளும் கூத்தன், பெறாது வருந்தும் கூத்தர் சுற்றத்தை நன்னன்பால் வழிப்படுத்துகின்றான். அவன் காட்டும் வழி காடும் மலையும் காட்டாறும் இடையிட்ட வழி.

அண்மைக் காலத்தே இப்பாட்டைக் குறித்து ஒரு கருத்து வழங்கி வருகின்றது. சேய்மை நிலங்களின் இயற்கைக்கு ஊறு நேராவண்ணம் சென்று கண்டு மீளும் செலவினை இன்று சூழலியல் சுற்றுலா என்பர். அந்நெறியினை நம் புலவர் ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே வகுத்துவிட்டனர் என்பது அக்கருத்து. யாமும் ஒருகால் மாணவர்க்கு அவ்வாறே உரைத்ததுண்டு. பாட்டை மீளப் பயின்றபோது அவ்வுரை பாதி மெய்யே எனத் தெளிந்தோம். எப்பாதி மெய், எப்பாதி மெய்யன்று என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் பாட்டின் சான்றுகளைக் காண்போம். தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குறவர் புழைதோறும் கற்பொறி அமைத்துள்ளனர். ஆதலின் இருளில் செல்லாது விடிந்தபின் செல்க என்கின்றான் கூத்தன். பிளவுகளிற் பாம்பு ஒடுங்கும் குழிகள் உள; மரமேறிக் கைகொட்டிப் பார்த்து, விறலியர் தொழுது வாழ்த்த, வழியினின்று சற்றே விலகி அவற்றை வலமாக வைத்துக் கழிக என்கின்றான். பரண்மீதிருந்து யானையை ஓட்டுவோர் எறியும் கவண்கல் இடையே வரும். மரங்களின் மறைவிற் செல்க என்கின்றான். இவை வழிப்போக்கர் உயிர்க்குக் காவலாகும் அறிவுரைகள்.

இவற்றின் வேறாய இரண்டு இடங்கள் நம் கருத்தை ஈர்க்கின்றன. மலைவழியில் தெய்வம் உறையும் இடத்தைக் காணின் தொழுது செல்வதன்றி இசைக்கருவிகளை வறிதே தொடாதொழிக என்பது ஒன்று. தொடின் மழை பொழியும் என்பது அவன் கூறும் காரணம். கேட்போர் கூத்தர், கருவியே அவர்தம் வாழ்வு. தம் கலையையே அடக்கிக்கொண்டு நடக்கவேண்டிய இடமும் உண்டு என்று அவரிடம் கூறுதல் எளிய செய்தியன்று. மயில் ஆடிச் சோரினும், மூங்கிற் கொம்பில் கடுவன் பாயினும், தெய்வம் விரும்பும் மலைச்சரிவில் தேனிறால் தோன்றினும் திடுமென நோக்காதொழிக என்பது மற்றொன்று. நோக்குதல் உரியதன்று என்றும், வரிசையாகச் செல்லும் மென்னடி வழிமாறும் என்றும் அதற்கு இரு காரணம் தரப்படுகின்றன. கண்டு மகிழ்தலையே பயன் எனக் கருதும் இக்காலச் செலவினர்க்கு, காணுதற்கும் எல்லை உண்டு என்னும் இச்சொல் வியப்பளிக்கும்.

இனி மறுதலையை நோக்குவோம். இவ்வடக்கம் எதன்பொருட்டு? தெய்வத்தின்பால் அச்சமும், கால் தவறின் உயிர்க்கு வரும் கேடும் காரணமாக அமைந்தன. வருவோரால் மலைக்குத் தீங்கு நேரும் என்னும் எண்ணம் இவ்வறிவுரைகளில் யாண்டும் இல்லை. இருத்தற்கும் இடமில்லை. யானையை மலைக்கும், யானையின் மதத்தை மலையில் எழும் பல்வகை ஒலிகட்கும் உவமையாகக் கொண்டு பாட்டு பெயர் பெற்றது. அம்மலை வலியது, கூத்தர் எளியர். வலியதன்முன் எளியோர் ஒழுகும் முறையைப் பாட்டு உரைக்கின்றது.

இக்கால நெறி இதற்கு நேர்மாறான நிலையிற் பிறந்தது. அந்நெறி எழுத்து வடிவில் மிகக் கூர்மையாக அமைந்த நிலம் அண்டார்ட்டிகா ஆதலின், அதனை ஒப்பிற்குக் கொள்ளுகின்றோம். 1959 ஆம் ஆண்டு 12 நாடுகள் அந்நிலத்தை அமைதிக்கும் ஆராய்ச்சிக்கும் உரியதாக்கும் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. 1966 இல் இலார்சு எரிக் இலிண்ட்பிளாட் என்பார் பயணியரை ஆண்டுக் கலத்தில் அழைத்துச் சென்றார்; 1969 இல் அத்தகைய செலவிற்கென்றே ஒரு கலத்தைக் கட்டுவித்தார். சூழற் காப்பிற்கான மாட்ரிட் நெறிமுறை 1991 இல் ஒப்பமாயிற்று. அதே ஆண்டில் பயண நிறுவனங்களும் கூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டன. 500 பேருக்கு மேற்பட்ட பயணியரை ஏற்றிய கலம் எவரையும் கரையிறக்கலாகாது. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பேருக்கு மேல் நிற்றலாகாது. 20 பேருக்கு ஒரு வழிகாட்டியேனும் வேண்டும் என உடன்படிக்கை நாடுகள் 2009 இல் முடிவு செய்தன. கரையிறங்குமுன் காலணியைக் கழுவவேண்டும். ஒரு கல்லையும் எடுக்கலாகாது. பென்குவின் குறுக்கிடின் வழி அதற்கே உரியது.

இவ்விதிகள் நிலத்தை எளியதாகவும் வருவோரை வலியராகவும் கொண்டு எழுந்தவை. பாட்டின் விலக்கு செல்வோரைக் காக்கின்றது; இவ்விதியின் விலக்கு செல்லிடத்தைக் காக்கின்றது. இவ்வேற்றுமையை மறைத்து இரண்டும் ஒன்றே என்றல் பாட்டிற்கும் பெருமையன்று, இன்றைய நெறிக்கும் விளக்கமன்று.

ஆயினும் வலிமை முற்றும் இடம் மாறிவிட்டதென்று கொள்ளுதற்கும் இல்லை. மேற்கூறிய இலிண்ட்பிளாட் கலம் பின்னர் உரிமை கைமாறி, எக்ஸ்புளோரர் என்னும் பெயருடன் 2007 நவம்பர் 23 ஆம் நாள் அண்டார்ட்டிகக் கடலிற் பனிக்கட்டியால் உடைந்து மூழ்கிற்று. உள்ளிருந்த 154 பேரும் உயிர் தப்பினர். வழி திறந்த கலத்தையே அந்நிலம் விழுங்கிற்று. கூத்தன் கூறிய அச்சம் பழங்கதையாகிவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

பாதி மெய் யாது என்பதற்கு வருவோம். பலவழி கூடும் சந்திகளில், முன்னர் நன்கறியாது புதியராய் வருவோர் பொருட்டு, இடத்தைக் கையால் துடைத்துப் புல்லை முடிந்திட்டுச் செல்க என்று கூத்தன் பணிக்கின்றான். தாம் பரிசில் பெற விரைவோர்க்கு இத்தாழ்ப்பு எதற்கு? தமக்குப் பின்னும் ஒருவர் வருவர் என்னும் நினைவே காரணம். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் உயிர்நிலை இதுவே எனக் கருதுகின்றோம். பெற்றவன் பெறாதவனுக்கு வழி கூறுகின்றான். கேட்டவன் தனக்குப் பின் வருவோனுக்குப் புல் முடிகின்றான். அண்டார்ட்டிகாவில் கல்லை எடாது மீள்பவனும் பின்வருவோனுக்கு அக்கல்லை விட்டு மீள்கின்றான். அச்சம் வேறு, சட்டம் வேறு. பின்வருவோரை நினைக்கும் நெஞ்சம் ஒன்றே.

அந்நினைவின் செயல்வடிவம் நிலத்திற்கேற்ப மாறும் என்பதற்கும் புல்லே சான்றாகின்றது. செங்கண்மா வழியில் முடிந்த புல் அந்நிலத்துப் புல், அது வழிகாட்டிற்று. அண்டார்ட்டிகாவைச் சார்ந்த கிங் ஜார்ஜ் தீவில், போலந்து நாட்டு ஆய்வு நிலையத்தருகே, 1985-86 அளவில் காணப்பட்ட புல் வேற்று நிலத்துப் புல். மனிதர் வரவோடு வந்து வேரூன்றியது. காலணி கழுவும் விதியின் தேவையை அது காட்டுகின்றது. ஓரிடத்தில் புல் முடிதல் கடமையாக, மற்றோரிடத்தில் புல்வித்தினை உதறிச் செல்லுதல் கடமையாகின்றது.

மற்றொரு குறையையும் இவ்வொப்பீடு புலப்படுத்துகின்றது. மலைபடுகடாத்தில் மலைக்கு உரியோர் உளர். நன்னனுடைய கூத்தர் எனின் அவர்தம் மனையில் உரிமையோடு புகலாம். தினைச்சோறும் ஊனும் கிடைக்கும். பரிசிலையும் மறந்து தங்குதல் கூடும். கற்பொறி எங்குளது என்பதும், கவண்கல் எப்பக்கம் வரும் என்பதும் அம்மக்கள் வாழ்வோடு பிணைந்த செய்திகள். அண்டார்ட்டிகாவிற்குத் தொல்குடி இல்லை. விதியே ஆண்டு விருந்தோம்புவோன் நிலையில் நிற்கின்றது. 2022-23 பருவத்தில் அங்குச் சென்றோர் தொகை ஓரிலட்சத்தைக் கடந்தது. ஒவ்வொருவர் செயலையும் விதி கட்டுப்படுத்தும். வருவோர் மொத்தத் தொகைக்கு அவ்விதிகள் வரம்பு கூறவில்லை. ஒருவன் ஒழுங்காக நடத்தல் போதும் என்பது கூத்தர் சிறு சுற்றத்திற்குப் பொருந்தும். ஓரிலட்சம் பேர் ஒழுங்காக நடப்பினும் அடிச்சுவடு ஓரிலட்சமே.

ஆதலின், இன்றைய நெறி முழுவதும் மலைபடுகடாத்தில் உளது என்று கூறுதலைத் தவிர்ப்போம். காணுதற்கும் இசைத்தற்கும் எல்லை உண்டு என்பதையும், வழி என்பது பின்வருவோர்க்கும் உரியது என்பதையும் அப்பாட்டு நன்கு அறிந்திருந்தது. செல்வோர் தொகையே நிலத்திற்குச் சுமையாகும் என்பதை அது அறிந்திலது. அறியவேண்டிய தேவை அதற்கு இல்லை. அத்தேவை நமக்கு உண்டு. பாட்டில் இல்லாததனைப் பாட்டின்மேல் ஏற்றாது, நம் காலத்தின் கடமையாக ஏற்றல் வேண்டும். மாணவர்க்கு யாம் முன்னர் உரைத்ததனை இவ்வளவிற்குத் திருத்திக்கொள்ளுகின்றோம்.