ஆர்மோனியமும் வானொலித் தடையும்

ஓர் இசைக்கருவி செல்வாக்குப் பெறுவதும் இழப்பதும் அதன் ஓசையால் மட்டும் நிகழ்வதில்லை. யார் வாசிக்கிறார்கள், எங்கே வாசிக்கிறார்கள், யார் மதிப்பிடுகிறார்கள் என்பவையும் அதைத் தீர்மானிக்கின்றன. தமிழ் இசை நாடக மேடையில் கோலோச்சிய ஆர்மோனியம் இதற்குத் தெளிவான சான்று.

பாரிஸில் அலெக்சாந்தர் தெபெய்ன் 1842-இல் காப்புரிமை பெற்ற கருவி இது. ஐரோப்பியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ், தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறு கையால் வாசிக்கும் பெட்டியாக இதை மாற்றியமைத்தார். தமிழ் நாடக மேடையில் மிதித்து வாசிக்கும் கால் ஆர்மோனியமும் நிலைபெற்றது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் திறந்தவெளிக் கூட்டத்துக்கு எட்டும் ஓசை இதற்கு இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். நடிகருக்குச் சுருதி கொடுத்து, பின்பாட்டுப் பாடி, விடிய விடிய நாடகத்தைத் தாங்கியவர். எஸ்.ஜி. கிட்டப்பாவின் பாட்டோடு அவருடைய அண்ணன் காசி ஐயரின் ஆர்மோனியமும் பேசப்பட்டது.

இதே காலத்தில் எதிர்ப்பும் வளர்ந்தது. ஆனந்த குமாரசுவாமி, தாகூர் போன்றோர் ஆர்மோனியம் இந்திய இசையைக் கெடுக்கிறது என்றனர். தில்லி வானொலியில் பணியாற்றிய ஆங்கிலேய இசைஞர் ஜான் ஃபோல்ட்ஸும் அதையே சொன்னார். 1940-இல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. விடுதலைக்குப் பிறகும் நீடித்த அத்தடை 1970-களில்தான் தளரத் தொடங்கியது.

எதிர்ப்புக்கு இசை சார்ந்த காரணம் இருந்தது. ஆர்மோனியக் கட்டைகள் நிலையான 12 சுரத்தானங்களையே தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் கமகம் அவற்றில் பிறக்காது. வயலினும் ஐரோப்பியக் கருவிதான். பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலிருந்து கர்நாடக இசை அதை ஏற்றது, அதில் கமகம் இயல்பாக வருவதால். ஆகவே, அயல்நாட்டுக் கருவி என்பதற்காக மட்டுமே ஆர்மோனியம் ஒதுக்கப்பட்டது என்று கூறுவது சரியாகாது.

ஆனால் இந்தக் காரணம் தடையை முழுமையாக விளக்கவில்லை. கச்சேரி மேடைகளில் தம்புராவின் இடத்தைப் பல சமயங்களில் பிடித்துக்கொண்ட சுருதிப்பெட்டி, ஆர்மோனியத்தின் உடன்பிறப்பு. அதே துருத்தி, அதே உலோக நாக்குகள். சுருதியைக் கெடுப்பதாகக் குற்றம்சாட்டப்பட்ட கருவியின் உறவே சுருதிக்கு ஆதாரமாக அமர்ந்தது. மேலும், கமகம் தேவையில்லாத மெட்டுகளும் நாடகப் பாட்டும் பஜனையும் இந்நாட்டு இசையே. ராக ஆலாபனைக்கு உரிய அளவுகோலை எல்லா இசைக்கும் பொதுவாக்கியதுதான் பிழை.

அப்பிழை வேறு வடிவிலும் தொடர்ந்தது. 1952-இல் அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் திரைப்பாடல்கள் வானொலியில் ஒதுக்கப்பட்டன. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினர். 1957-இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசு வானொலி அவர்களை மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று.

தடை ஆர்மோனியத்தை அழிக்கவில்லை. ஸ்பெஷல் நாடகத்திலும் கோயில் பஜனையிலும் அது வாழ்ந்தது. இளையராஜா மெட்டமைக்கும் கருவியாகவும் புகழ்பெற்றது. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. வானொலி அன்று ஒலிபரப்பு நிலையம் மட்டுமன்று. இசையைச் சேமித்த களஞ்சியமும் கலைஞர்களைத் தரம் பிரித்த சபையும் அதுவே. முப்பது ஆண்டுகள் அதன் வாசலுக்கு வெளியே நின்றவர்கள் தரவரிசையிலும் இல்லை, ஒலிச் சேமிப்பிலும் இல்லை. கருவிக்கான மதிப்பைப் பின்னாளில் மீட்க முடிந்தது. பதிவாகாமல் போன வாசிப்பை மீட்க வழியில்லை. இசை வரலாற்றைப் பயில்வோர் ஒரு கருவி ஏன் வீழ்ந்தது என்று கேட்கும்போது, அதை யாருடைய செவி மதிப்பிட்டது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.