மெட்ரோ இல்லாத நாட்டின் பஸ்

இலங்கையில் பொதுப் போக்குவரத்து என்று சொல்ல என்ன இருக்கிறது, ஒரு மெட்ரோ ரயில்கூட இல்லையே என்ற பேச்சு சென்னையிலிருந்து வந்து போகிறவர்களிடம் அடிக்கடி கேட்கிறது. இல்லைத்தான். ஜப்பானியக் கடனுதவியோடு கொழும்பில் அமையவிருந்த இலகு ரயில் திட்டத்தை அரசாங்கம் 2020இல் கைவிட்டது. மின்சார ரயில் என்ற ஒன்றே இன்னும் இங்கு ஓடவில்லை. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931இலேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. இந்தக் கணக்கில் எங்களுக்குத் தோல்விதான். ஆனால், ஒரு குடும்பம் கார் வாங்காமலே காலந்தள்ள முடியுமா என்பது மெட்ரோவால் தீர்மானமாவதில்லை. வீட்டு ஒழுங்கை வீதியில் ஏறுகிற இடத்தில் என்ன வந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், கார் இல்லாத வாழ்வுக்குத் தமிழ்நாட்டைவிட இலங்கையே கிட்ட நிற்கிறது என்பது என் துணிபு.

1958 ஜனவரி 1ஆம் திகதி இலங்கையின் பஸ் சேவை முழுவதும் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) கைக்கு வந்தது. 1979இல் தனியாருக்குக் கதவு திறந்தது. அன்றிலிருந்து சிவப்பு நிற இ.போ.ச. பஸ்ஸும் ஒருவர் இருவருக்குச் சொந்தமான தனியார் பஸ்ஸும் ஒரே வீதியில் ஓடுகின்றன. கொழும்பு–கண்டி என்றால் 01, கொழும்பு–யாழ்ப்பாணம் என்றால் 87. அரசு பஸ்ஸோ தனியார் பஸ்ஸோ, வழித்தட இலக்கம் ஒன்றுதான். மும்மொழியிலும் ஊர்ப்பெயர் எழுதிய பலகை, முன்னால் மதகுருமாருக்கு ஒதுக்கிய இருக்கை, விரலிடுக்கில் நோட்டுகளை நீளமாக மடித்துச் செருகிய நடத்துநர், சாரதிக்குப் பக்கத்தில் யாரோ கொடுத்துவிட்ட பொதி. கிராமத்து வீதியில் கை காட்டினால் தரிப்பிடம் இல்லாத இடத்திலும் நிற்கும். வீட்டுப் படலையையும் சந்தையையும் வைத்தியசாலையையும் இப்படி ஒரே கயிற்றில் கோத்துத் தருகிற வாகனத்தைப் பிற்போக்கு என்று தள்ளுவது அநியாயம்.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. அங்கே அரசுடைமையாக்கம் 1970களில் வேகம்பிடித்தது. பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்ற பெயர்களில் போக்குவரத்துக் கழகங்கள் எழுந்தன. அரசு பஸ்ஸில் திருக்குறள் எழுதி வைத்திருப்பதை எந்தத் தமிழரும் பெருமையோடுதான் பார்ப்பார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை; காசு வாங்காமலே அவர்களுக்கும் ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுக்கப்படுகிறது. கணவனிடமோ மகனிடமோ கேட்காமல் ஒரு பெண் வேலைக்குப் போய்வருவதற்கு இதைவிட நேரான உதவி கிடையாது. இங்கே அப்படி ஒன்று இல்லை என்பது மனதை உறுத்துகிறது. இருந்தாலும், வாசித்தும் கேட்டும் அறிந்த அளவில், அங்கே டவுன் பஸ்ஸும் வெளியூர் போகிற மொபசல் பஸ்ஸும் இரண்டு உலகங்கள். இரண்டுக்கும் நடுவில் விடுபட்ட தூரத்தை மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டது. மினிபஸ் என்று அங்கே சொல்வது பெரிய பஸ் போகாத ஊர்களுக்கென்று அனுமதி பெற்ற சின்ன வண்டி. இங்கே மினிபஸ்தான் பல ஊர்களின் பிரதான வண்டி.

2022ஐ நினைவூட்டி மறுப்பவர்கள் உண்டு. எரிபொருள் வரிசையில் கார்கள் நாட்கணக்கில் நின்றபோது பஸ்ஸால் நாட்டைத் தாங்க முடிந்ததா என்கிறார்கள். முடியவில்லை. ஆனால் அந்த மாதங்களில் பஸ்ஸுக்கும் டீசல் இல்லை, இ.போ.ச. டிப்போக்களிலிருந்து தனியார் பஸ்களுக்கு டீசல் கொடுக்க வேண்டி வந்தது. பட்டினி கிடந்தவனை ஓட விட்டு, ஓடத் தெரியாதவன் என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. இதைவிட நல்ல சாட்சி வாகன இறக்குமதித் தடை. 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம்வரை தனியாருக்குப் புதுக் கார் ஏறத்தாழ வரவே இல்லை. பழைய கார்களின் விலை தலைசுற்ற ஏறியது. அதுவரை கார் இல்லாதவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் முச்சக்கர வண்டியிலுமே பிழைப்பை நடத்தினார்கள். தடை நீங்கியதும் மக்கள் ஏன் கார் வாங்க ஓடினார்கள் என்று கேட்டால், பகலுக்காக அல்ல. பொழுதுபட்ட பிறகு வீடு திரும்புவதற்காக.

இங்கேதான் எங்கள் பஸ் கைவிடுகிறது. தனியார் பஸ்ஸில் உரிமையாளர், சாரதி, நடத்துநர் மூவரும் அன்றைய வசூலை நம்பியிருக்கிறார்கள். ஆள் சேரும்வரை தரிப்பிடத்தில் நிற்பதும், பின்னால் வருகிற பஸ்ஸைக் கண்டதும் பறப்பதும், ஆறு ஏழு மணிக்குமேல் ஓட்டத்தை நிறுத்திவிடுவதும் இதனால்தான்; அவர்களைத் திட்டிப் பயனில்லை. அரசு நட்டத்தைத் தாங்குவதால் தமிழ்நாட்டில் ஆளில்லாத கடைசி பஸ்ஸும் ஊர் போய்ச் சேர முடிகிறது. இந்த ஒன்றை அங்கிருந்து எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை. கார் முற்றாக ஒழிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை: உயர்ந்த படியில் ஏற முடியாத முதியவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், நடுச்சாமத்து நோயாளிக்கும் வேறு வண்டி வேண்டும். மற்றவர்களுக்கு வேண்டியது இ.போ.ச.வும் தனியாரும் சேர்ந்து கடைப்பிடிக்கிற ஒரே நேர அட்டவணையும், இரவு ஒன்பது மணி ஓட்டத்தின் நட்டத்துக்கு அரசு கொடுக்கிற காசும்தான். டியூஷன் முடிந்து வருகிற பிள்ளையை ஏற்ற அந்த பஸ் கட்டாயம் வரும் என்று தெரிந்தால், கடன்பட்டுக் கார் வாங்கும் பேச்சு அரைவாசி வீடுகளில் எழாது.