பொறுத்தவர் யார்?

வாணிகத் தலைவர்கள் வரலாற்றிலும் விளையாட்டிலும் பாடங் கற்க வேண்டுமெனக் கூறும் நூல்கள் மலிந்துவிட்டன. மான்செஸ்டர் யுனைடெட் காற்பந்துக் குழுவை 1986 முதல் 2013 வரை நடத்திய சர் அலெக்ஸ் பெர்குசன், முதலீட்டாளர் மைக்கேல் மோரிட்சுடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட ‘லீடிங்’ அவற்றுள் ஒன்று. கட்டுப்பாடு, கூர்ந்து கவனித்தல், இளைஞரை வளர்த்தல் என அவர் சொல்வனவற்றை மறுப்பதற்கில்லை. 13 முறை லீக் வாகை சூடியவர் அல்லரோ!

ஆயினும் இதனைப் படிக்கும் நிருவாகிகள் நோக்க வேண்டிய இடம் வேறு. பெர்குசன் வந்து மூன்றரை ஆண்டுகள் ஒரு கிண்ணமும் கிட்டவில்லை. 1989 இறுதியில், அவர் விலக வேண்டுமென ரசிகர்களே பதாகை உயர்த்தினர். (நம் ஊர்க் காப்பிக் கடைகளில் இக்குழுவுக்காகக் கண் விழித்தோரும் இதை மறந்திருப்பர்.) அப்பருவத்தில் குழு பெற்றது 13ஆம் இடம். 1990 மே மாதத்தில்தான் எப்.ஏ. கிண்ணம் வந்தது, லீக் வெற்றிக்கோ 1993 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவரை அவரை நீக்காதிருந்தது மார்ட்டின் எட்வர்ட்ஸ் தலைமையிலான நிருவாகக் குழு. காலாண்டுக் கணக்கில் நட்டங் கண்டதும் மேலாளரை மாற்றுவோர், பெர்குசனைப் படித்து என்ன பயன்? எட்வர்ட்சையன்றோ படிக்க வேண்டும்?

பெர்குசன் ஓய்வு பெறுகையில் தமக்குப்பின் டேவிட் மோய்சைப் பரிந்துரைத்தார். ஆளறிந்து எடுப்பதில் வல்லவரெனப் புகழ்பெற்றவரின் தேர்வு அது. ஆறாண்டு ஒப்பந்தம் தந்த கழகம், பத்தே மாதங்களில், 2014 ஏப்ரலில், மோய்சை விலக்கிற்று. இடையே, 2005இல், கழகம் கைமாறியிருந்தது.