பழைய புத்தகத்தைக் கையில் வாங்கியதும்

புதுவயலில் கடை வைத்திருப்பவனுக்கு அவித்த நெல் வாசனையோடுதான் பொழுது விடியும். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். நெல் லாரி போகிற சாலையில் பழைய புத்தகக் கடையா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. செட்டிநாட்டில் இதைவிடப் பொருத்தமான தொழில் எனக்குத் தெரியவில்லை. இங்குள்ளவை பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன நகரத்தாரின் வீடுகள். பாகம் பிரிக்கும்போது அலமாரிப் புத்தகங்கள் கட்டுக்கட்டாக வெளியே வரும். அந்தக் கட்டை அவிழ்க்கிற சுகம் எனக்கு. அதில் பாதியையாவது வாங்குகிறவரும் அடைய வேண்டும்.

கையில் எடுத்ததும் படிக்கத் தொடங்காதீர்கள். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தாளின் பின்புறத்தை விரல் நுனியால் மெல்லத் தடவுங்கள். ஈய எழுத்துக் கோத்து அடித்த புத்தகமாக இருந்தால் மேடு தட்டும். அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி அடுக்கிய வேலை அது. முற்றுப்புள்ளி அழுத்தமாக விழுந்த இடத்தில் சில சமயம் தாளில் பொத்தலே விழுந்திருக்கும்.

அடுத்து முகப்புப் பக்கம். ஆங்கில வருஷம் இல்லாமல் ‘சித்தார்த்தி வருஷம்’ என்று மட்டும் போட்டிருக்கலாம். அறுபது வருஷச் சுற்றில் அது 1859-ஆகவும் இருக்கலாம், 1919-ஆகவும் இருக்கலாம், 1979-ஆகவும் இருக்கலாம். இங்கேதான் ருசி ஆரம்பம். விலை அணாவில் இருந்தால் 1957-க்கு முந்தியது, 1979 கழிந்தது. யானைத் தும்பிக்கை போல மேலே சுருண்ட பழைய ‘லை’, ‘னை’ இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது. மீதியை அச்சகத்தின் பெயரும் தாளும் சொல்லிவிடும். 1919 என்று முடிவானால் எனக்கு ஒரு சிலிர்ப்பு: பாரதி காரைக்குடிக்கு வந்து இந்து மதாபிமான சங்கத்தாரோடு படம் எடுத்துக்கொண்ட வருஷம் அது.

பிறகு உள்அட்டை. நகரத்தார் வீட்டுப் புத்தகமென்றால் பெயருக்கு முன்னால் வரிசையாக எழுத்துகள் நிற்கும்: தகப்பனார், பாட்டனார், அவர்களுக்கும் முந்தியவர்கள். இந்த எழுத்து வரிசைதான் விலாசம்; அதை அவசரப்படாமல் பாருங்கள். கடைக்கு வருகிற ஆச்சிமார் அதை ஒரு நொடி பார்த்துவிட்டு, “இது எங்க ஐயா வீட்டுப் புத்தகமுல்ல!” என்பார்கள். சிற்றூரில் கடை போட்டவனுக்கு மட்டுமே கிடைக்கிற சந்தோஷம் இது. பெரிய நகரத்தில் எத்தனை ஆயிரம் புத்தகம் விற்றாலும் வராது.

ராமபாணப் பூச்சி துளைத்திருந்தால் முகம் சுளிக்க வேண்டாம். துளை எழுத்தைத் தின்றிருக்கிறதா, ஓரத்தோடு போய்விட்டதா என்று மட்டும் பாருங்கள். ஓரத்துத் துளைக்காக ஒரு நல்ல புத்தகத்தை விடுவது அநியாயம். காலிகோ பைண்டிங் தளர்ந்திருந்தால் சரிசெய்துகொள்ளலாம். புது அட்டை போடச் சொல்லிப் பழைய முகப்பைக் கிழிக்க விட்டுவிடாதீர்கள்.

இந்த ரசனையில் எங்களுக்கு ஆசான் பக்கத்துக் கோட்டையூர்க்காரர், ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் தேடத் தொடங்கியவர். 1992-இல் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் இதழ்களும் துண்டுத்தாள்களும் அவர் வீட்டில் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்க, 1994-இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் எழுந்தது. புத்தகத்தோடு நாடக நோட்டீசையும் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்துக் காத்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிடுகிறேன். மற்றவர்கள் அடுப்பில் போட்ட தாள்கள் அவை.

ஆகவே கடைசியாக, புத்தகத்தை முதுகு மடங்காமல் பிடித்து ஏடு ஏடாகப் புரட்டுங்கள். ரங்கூன் தபால் முத்திரையோடு ஒரு கார்டோ, மளிகைச் சிட்டையோ இடையில் இருந்தால் உதறிவிடாதீர்கள். எந்தப் பக்கத்தில் இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, ஓர் உறையில் போட்டு அந்தப் புத்தகத்தோடேயே வையுங்கள்.