பிள்ளை பிறக்கும் வேளையில் வாப்பா எங்கே? – செலவழுங்கல் பற்றி ஒரு வாசிப்பு

பொன்முடியார் பாடிய புறநானூற்று 312ஆம் பாட்டு கடமைகளைப் பங்கு வைக்கும் பாட்டு. பாடுகிறவள் ஒரு தாய். பிள்ளையைப் பெற்று வளர்ப்பது தன்னுடைய பங்கு என்கிறாள். அவனைச் சான்றோன் ஆக்குவது தகப்பனின் பங்கு. வேலை அடித்துக் கொடுப்பது கொல்லனின் பங்கு. வேந்தனுக்கும் ஒரு பங்கு உண்டு. போர்க்களத்தில் யானையை வீழ்த்தி மீள்வது அந்த மகனின் பங்கு. தகப்பனின் பங்கு எந்த நாளில் தொடங்குகிறது என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். பிள்ளைப்பேறு பெண்கள் காரியம், தகப்பன் பிறகு வந்து சேர்ந்தால் போதும் என்பதே அந்த முடிவு. இதற்கு நம்முடைய இலக்கியம் உண்மையிலேயே இடம் கொடுக்கிறதா என்று பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. கிழக்கிலங்கையில் எங்கள் ஊர்களில் பல வீடுகளில் பிள்ளை பிறந்த செய்தி வாப்பாவுக்குப் போனில்தான் போகிறது. அவர் கட்டாரில் இருப்பார், சவூதியில் இருப்பார்; இல்லையென்றால் தூரத்து நகரத்தில் கடையில் நிற்பார், அறுவடைக் காலமென்றால் வயல் வாடியில் கிடப்பார். யாராவது கேட்டால், "உழைக்கத்தானே போயிரிக்காரு" என்ற ஒரு வார்த்தையில் விஷயம் முடிந்துவிடும். 312ஆம் பாட்டைப் படிப்பித்த நாளொன்றில் தரம் 11 மாணவி ஒருத்தி எழும்பி, "டீச்சர், வாப்பா வெளிநாட்டில இருந்தா சான்றோனாக்குறது யாரு?" என்று கேட்டாள். அந்த வகுப்பில் அவளைப்போல இன்னும் பலர் இருந்தார்கள்.

"உழைக்கத்தானே" என்ற வார்த்தைக்குப் பின்னால் பழைய இலக்கியத்தின் பலம் இருக்கிறது. குறுந்தொகை 135ஆம் பாட்டு, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. ஆண்களுக்குத் தொழில்தான் உயிர், வீட்டிலிருக்கும் பெண்களுக்குக் கணவன்தான் உயிர் என்ற கருத்து அதில் வருகிறது. மேடைகளிலும் பரீட்சை விடைகளிலும் இந்தக் கருத்தை மட்டும் எடுத்து, ஆண் வீட்டை விட்டுப் போவதற்கு அத்தாட்சியாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. முழுப் பாட்டையும் படித்தால் கதை வேறு. பேசுகிறவள் தோழி. பொருள் தேடத் தலைவன் போகப் போகிறான் என்று தலைவி அழுகிறாள். தோழி அவளைத் தேற்றுகிறாள். இந்தக் கருத்தை நமக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான். ஆகவே அழாதே, அவர் பயணத்தை நிறுத்தி வைப்பார் என்கிறாள். கணவன்தான் அவளுக்கு உயிர் என்று தெரிந்தவன் அந்த உயிரை எடுத்துக்கொண்டு போகமாட்டான் என்பது அவளுடைய வாதம். போவதற்குச் சான்றாக நாம் காட்டும் பாட்டு, நிற்பதற்காகப் பாடப்பட்டது.

இப்படி நிறுத்தி வைப்பதற்கு இலக்கணத்தில் ஒரு பெயரே உண்டு: செலவழுங்கல். அது பயணத்தைக் கைவிடுவது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தொல்காப்பியர் கற்பியலில் இதைத் தெளிவாகவே சொல்கிறார். இடையில் நிற்பது போகாமலே இருந்துவிடுவது ஆகாது. அவளைத் தேற்றி வற்புறுத்துவதற்காகச் சிறிது காலம் தாழ்த்துவதுதான் அது. தலைவன் பிறகு போவான், போகத்தான் வேண்டும். அதே கற்பியலில் பிரிவுக்குக் கால எல்லையும் வைத்திருக்கிறார். கல்விக்காகப் பிரிந்தால் 3 ஆண்டைத் தாண்டக்கூடாது. வேந்தனின் வேலைக்காகப் பிரிந்தால் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும். மற்றப் பிரிவுகளுக்கும் அதுவே அளவு. இன்று நம்முடைய ஆண்கள் கையெழுத்து வைக்கும் வளைகுடா ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 2 வருடத்துக்கானவை. அரசனின் போருக்கே ஓராண்டு என்று எல்லை கட்டிய மரபு, நம் காலத்துப் பிரிவைத் தாராளமாக ஆசீர்வதித்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். செலவழுங்கும் தலைவன் அழுகின்ற காதலிக்காக நிற்கிறான். பிரசவத்துக்காக நின்ற ஒருவனை நான் சங்கப் பாட்டில் கண்டதில்லை. நற்றிணை 40ஆம் பாட்டு பிள்ளை பிறந்த வீட்டுக்குள்ளேயே நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறது. காவல் உள்ள வீடு, மணி ஒலிக்கிறது, பந்தலில் மணல் பரப்பியிருக்கிறார்கள். செவிலியோடு பிள்ளை தூங்குகிறது. வெண்கடுகும் நெய்யும் பூசிக் குளித்த தாய் அசந்து கண்மூடிக் கிடக்கிறாள். தகப்பன் நடுச்சாமத்தில் திருடனைப்போல வருகிறான். தன் தகப்பனின் பெயர் சொல்ல ஒரு பிள்ளை பிறந்துவிட்டதே, அதனால் வருகிறான். அவன் விட்டுப் போயிருந்தது தொழிலுக்காக அல்ல, பரத்தை வீட்டுக்காக. பாட்டைச் சொல்பவளும் பரத்தைதான். அவன் பார்க்க வருவது பெயரன் என்ற உறவை. நோவுபட்ட உடம்போடு கிடப்பவள் தூங்கிக்கொண்டிருக்கிறாள். தகப்பன் பேற்று வீட்டில் அந்நியன் என்பதை இவ்வளவு கூர்மையாகச் சொன்ன வேறொரு பாட்டு எனக்குத் தெரியாது.

பிள்ளைத்தமிழுக்கு வருவோம். நம்முடைய புலவர்களுக்கும் மிகவும் பிடித்தமான வகை இது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் வலிமார் மீதும் பிள்ளைத்தமிழ்கள் பாடப்பட்டிருக்கின்றன. அதன் 10 பருவங்களில் முதலாவது காப்புப் பருவம். அது பிள்ளையின் 3ஆம் மாதத்துக்குரியது. அதாவது பிறப்பும் அதையடுத்த நாட்களும் இந்த வகைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தாலாட்டிலோ தகப்பனின் இடத்தை மாமன் பிடித்துக்கொள்கிறான். தொட்டில் கொண்டு வருகிறவன் மாமன், சீர் கொண்டு வருகிறவன் மாமன். பேற்றையும் அந்த வேளையில் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தையும் பாட நம் மரபில் ஓர் இலக்கிய வகை அமையவில்லை.

தமிழ் மரபு விட்ட இந்த இடத்தை நிரப்ப முஸ்லிம் எழுத்தாளனிடம் வேறு வளம் இருக்கிறது. ஸூரா மர்யம் பிரசவ வேதனையிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை. வேதனை மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டு வந்ததையும், இதற்கு முன்பே செத்திருக்கக்கூடாதா என்று அவர் சொன்னதையும் அல்குர்ஆன் அப்படியே பதிவு செய்கிறது. அப்போது கீழிருந்து ஒரு குரல் வருகிறது. கவலைப்படாதீர் என்று தேற்றுகிறது; நீரோடையைக் காட்டுகிறது; மரத்தை உலுக்கினால் கனி விழும், சாப்பிடும், குடியும், கண் குளிரும் என்கிறது. ஆறுதல், தண்ணீர், சாப்பாடு. பிரசவத்தில் துணை என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் வேண்டியதில்லை. அந்த மூன்றையும் கொடுக்கக்கூடிய மனிதர் ஒருவர் உயிரோடு, பக்கத்தில் வரக்கூடிய நிலையில் இருக்கும்போது அவர் வேறெங்கோ நிற்பது சாதாரண விஷயமல்ல.

சிலர் நபிகளாரின் பிறப்பையே உதாரணம் காட்டுவார்கள். உமறுப் புலவர் சீறாவின் விலாதத்துக் காண்டத்தில் நபியவதாரப் படலம் பாடியிருக்கிறார். அந்தப் பிறப்பின்போதும் தகப்பன் இல்லை. ஆனால் அப்துல்லாஹ் அவர்கள் வியாபாரப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் யத்ரிபில் காலமானார்கள் என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் வரலாறு. அது மரணம் உண்டாக்கிய இடைவெளி. அதை ஒரு முன்மாதிரியாக எடுக்க முடியாது. பிள்ளையைக் கஃபாவுக்குக் கொண்டுபோய்ப் பெயர் வைத்த பாட்டனார் அப்துல் முத்தலிப் அவர்கள், அந்த இடைவெளியை நிரப்ப வந்தவர். எங்கள் ஊர்களில் வாப்பா உயிரோடிருக்கும்போதே மூத்தவாப்பா அந்த வேலையைச் செய்கிறார்.

முன்மாதிரி வேண்டுமென்றால் பத்ரைப் பாருங்கள். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு. நபிகளாரின் மகள் ருகையா (ரழி) கடும் நோயில் கிடந்தார்கள். அவருடைய கணவர் உஸ்மான் (ரழி) அவர்களை நபியவர்கள் மதீனாவிலேயே நிறுத்தினார்கள். பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய கூலியும் பங்கும் உமக்கு உண்டு என்றார்கள். பிற்காலத்தில் ஒருவர் வந்து, உஸ்மான் பத்ருக்குப் போகவில்லையே என்று குறை சொன்னபோது இப்னு உமர் (ரழி) இதை எடுத்துச் சொல்லி விளக்கம் கொடுத்ததை ஸஹீஹுல் புகாரியில் காணலாம். இது நோய், பிரசவம் அல்ல என்பது உண்மை. ஆனால் அந்தச் சமூகத்தின் மிகப் பெரிய வேலை நடந்துகொண்டிருந்த நேரத்தில் மனைவியின் கட்டிலருகே நின்றது, அந்த வேலையாகவே எண்ணப்பட்டது. செலவழுங்கலுக்கு இதைவிட உயர்ந்த எடுத்துக்காட்டு இல்லை.

என் வீட்டு அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு 3 பிள்ளைகள். மூத்தவர் பிறந்தபோது காதில் பாங்கு சொன்னது என் வாப்பா. இரண்டாவது மகன் தன் வாப்பாவின் குரலைப் போனில்தான் முதலில் கேட்டார். மகள் பிறக்கும்போது அவர் லீவில் வந்திருந்தார். திரும்பிப் போகும் தேதி பிரசவத்துக்கு முந்திய கிழமையில் விழுந்தது. அவர் போகவில்லை. நாற்பது முடியும் வரை நின்றார். அந்த வேலை போய்விட்டது. 8 மாதம் ஊரில் ஒரு கடையில் குறைந்த சம்பளத்துக்கு நின்றார். ஆஸ்பத்திரியில் அவரைப் பிரசவ அறைக்குள் விடவில்லை, வெளியே வாங்கில்தான் இருந்தார். ஆனாலும் என்னுடைய இரத்த வகை எது, எத்தனை மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள், எத்தனை மணித்தியாலம் எடுத்தது, எந்த நேர்ஸ் வந்து என்ன சொன்னா என்பதெல்லாம் இன்றைக்கும் அவருக்குத் தெரியும். முதல் இரண்டு பிரசவத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பிள்ளையின் நிறை மட்டும். சான்றோனாக்கும் வேலை இந்த அறிவிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

நம்முடைய சிறுகதைகள் இந்த இடத்தைத் தொடவில்லை. வெளிநாட்டு உழைப்பைப் பற்றி நான் படித்த கதைகளில் பெரும்பாலானவை விமான நிலையத்தில் அழுது தொடங்கும். அல்லது பெட்டியோடு வந்து இறங்குபவரில் முடியும். பிள்ளை பிறப்பு வந்தால், போனில் பிள்ளையின் அழுகுரல் கேட்கும், பாலைவனத்தில் நிற்கும் வாப்பா கண் கலங்குவார், கதை முடிந்துவிடும். வாசகனும் கண் கலங்கிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவான். அந்தக் கண்ணீர் மிகச் சுலபமானது. அவர் லீவு கேட்டாரா? கேட்டபோது மேலாளர் என்ன சொன்னார்? டிக்கட் காசு யார் போடுவது? கடன் எவ்வளவு? வரக்கூடிய நிலையிலிருந்தும் 'பிறகு பார்ப்போம்' என்று விட்டாரா? வர முடியாதவரையும் வராதவரையும் ஒரே கண்ணீரால் கழுவிவிடும் கதை இருவருக்கும் நியாயம் செய்யவில்லை. முதலாமவருக்குச் செய்யப்பட்ட அநியாயம் மறைந்துபோகிறது. இரண்டாமவர் கேள்வியின்றித் தப்பிவிடுகிறார்.

தெரிவு செய்யும் உரிமை எல்லோருக்கும் சமமாக இல்லை என்பதை மறந்து இதை எழுதவில்லை. நம் நாட்டில் அரசாங்க உத்தியோகத்தருக்குத் தகப்பன் என்ற முறையில் 3 நாள் லீவு உண்டு. தனியார் துறையில் வேலை செய்பவருக்குச் சட்டத்தில் அதுவும் இல்லை. நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் நின்றால் அன்றைய சோறு இல்லை. செலவழுங்கல் அவர்களுக்கு ஆசையால் மட்டும் கைகூடாது, இன்னொருவர் இடம் கொடுக்க வேண்டும். பத்ரில் கூட உஸ்மான் (ரழி) தானாக நின்றுவிடவில்லை. நிறுத்தியவர் தலைவர், பங்கைக் குறைக்காமல் கொடுத்தவரும் அவரே.

இந்த இதழைப் படிப்பவர்களில் கடை முதலாளிமாரும் இருக்கிறார்கள். உங்கள் கடையில் நிற்கும் பொடியன், "வீட்டில் நாள் கிட்டிட்டு" என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றால், பெருநாள் வியாபாரம் என்றாலும் ஒரு கிழமை அனுப்பி வையுங்கள். சம்பளத்தை வெட்டாமல் அனுப்புங்கள். எழுதுகிற தம்பிமாரும் தங்கச்சிமாரும் அவன் பஸ்ஸில் ஏறிய பிறகு நடப்பதை எழுதுங்கள். அந்தக் கதை இன்னும் எழுதப்படவில்லை.