ஆறாவது விதி எங்கே?

நூலகம் என்றதும் நம்மவர் நினைவில் எழுவது அமைதி! "பேசாதீர்" என்றோர் அறிவிப்புப் பலகை. அதன்கீழே ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் அமர்ந்திருக்கும் நாற்பது பேர். அறிவு வளரும் இடம் அது, ஐயமில்லை. மக்களாட்சி வளரும் இடமாகவும் அது இருக்கிறதா? இக்கேள்வியோடுதான், நூலகத் துறையின் மூலநூல் எனப் போற்றப்படும் ஓர் ஏட்டை நாம் இங்கே எடைபோட விழைகிறோம்.

சீர்காழியிலே 1892-இல் பிறந்து, கணக்கு ஆசிரியராகப் பணி தொடங்கி, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் சீ. இரா. அரங்கநாதன். 1931-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட நூலே 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்'. நூலகவியல் பயில்வோர் உலகெங்கும் இன்றும் அதனைக் கற்கின்றனர்.

நூல் பூட்டிவைக்கும் பொருளன்று, புழங்கும் பொருள் என்பது முதல் விதியின் கருத்து. வருபவர் எவராயினும், அவருக்கு ஏற்ற நூலைத் தருதல் நூலகத்தின் கடன் என்பது இரண்டாவது. எந்த நூலும் எடுப்பாரின்றி அலமாரியில் உறங்கலாகாது என்பது மூன்றாவது. தேடி வந்தவரைக் காக்க வைக்காதே என்பது நான்காவது. நூலகம் ஓயாது வளரும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது.

இரண்டாம் விதியை நாம் நெஞ்சாரப் பாராட்டுகிறோம். ஏடு சிலர் வீட்டுச் சொத்து, மற்றவர் தொட்டால் தீட்டு, கேட்டால் குற்றம் என்றிருந்த நாடு இது. இங்கே, செல்வர் - ஏழை, ஆண் - பெண், நகரத்தார் - நாட்டுப்புறத்தார் என்னும் வேலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, அவை நூலக வாயிலில் வீழ வேண்டும் என வாதிடுகிறது அப்பகுதி. வெறும் அறிவுரையோடு நின்றதா? இல்லை! நூலகத்துக்குச் சட்டம் வேண்டும், வருவாய் வேண்டும், அது அரசின் கடமை என்றும் இடித்துரைக்கிறது. அரங்கநாதனின் அயரா முயற்சியால் 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுவே. அதன்வழி, சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக இன்று தண்டப்படுகிறது. வாடகைக்குக் குடியிருப்போரும் அவ்வாடகை வழியே அதில் பங்கு செலுத்துகின்றனர். எனவே நூலகம் வள்ளல் ஈந்த கொடையன்று; மக்களின் உடைமை!

பின் குறை எங்கே? ஐந்து விதிகளும் நூலுக்கும் வாசகருக்கும் உள்ள உறவைப் பேசுகின்றன. வாசகருக்கும் வாசகருக்கும் உள்ள உறவோ விதியாகவில்லை! படிப்பு வட்டத்தை, சொற்பொழிவை, எழுத்தறியாதார்க்குப் படித்துக் காட்டுவதை அரங்கநாதன் மறந்தாரல்லர். எனினும், நூலுக்கு ஆள் சேர்க்கும் வழிகளாகவே அவற்றைக் கருதினார். வழி என்றார், இலக்கு என்றாரில்லை. நம் வழக்கு இதுவே.

அது இலக்காகவும் இயலும் என்பதற்குத் திராவிட இயக்கத்தின் படிப்பகங்களே சான்று. ஓலைக் கொட்டகையிலும், முடிதிருத்தகத்திலும், தேநீர்க் கடையிலும் ஒருவர் உரக்கப் படித்தார். எழுத்தறியாத பத்துப்பேர் கேட்டனர். கேட்டதோடு நின்றனரா? "ஏன்?" என்றனர், "எப்படி?" என்றனர். அங்கே நூற்பட்டியல் இல்லை, குடிமக்கள் உருவாயினர்! படிப்பகத்திலும் குறையுண்டு. பெண்கள் அங்கே அமர்ந்தது அரிது. எதிர்க்கருத்துடைய ஏடுகள் கிடைத்ததும் அரிது. எல்லாக் கருத்தையும் ஓரிடத்தில் அடுக்கும் பண்பைப் படிப்பகம் நூலகத்திடம் கற்கட்டும். வாதிடும் பண்பை நூலகம் படிப்பகத்திடம் கற்கட்டும்.

வாசகர் ஒன்றுகூடுவதன் வலிமையை நூலகத்தின் பகைவர் நன்கறிவர். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது; ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. எரித்தவர் வெறுத்தது தாளையா? அத்தாளைச் சுற்றி நிமிர்ந்து நின்ற மக்களை அன்றோ! இங்கே தமிழகத்தில், 2010-இல் கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தை மருத்துவமனையாக்க, 2011 நவம்பரில் அன்றைய அரசு முடிவெடுத்தது. எதிர்ப்புக் குரல் எழுந்தது, வழக்கு தொடுக்கப்பட்டது, உயர்நீதிமன்றம் தடை விதித்தது. அது இன்றும் நூலகமாகவே நிற்கிறது. காத்தவை அலமாரி நூல்களா? வாய் திறந்த வாசகர்கள்!

எனவே ஆறாவது விதியை நாம் எழுதுவோம்: வாசகருக்கு வாசகரைக் காட்டுவதும் நூலகத்தின் கடனே. இவ்விதி ஏற்கப்படின், தொழிலாளி வேலை முடிந்து வரும் மாலை வேளையில் கதவு திறந்திருக்கும். பெண்கள் அச்சமின்றி வந்தமர விளக்கும் கழிப்பறையும் இருக்கும். அமைதிக் கூடத்துக்கு அருகிலேயே பேசும் கூடமும் அமையும். வாசகர் வட்டம் பொன்னாடை போர்த்தும் விழாவாகச் சுருங்காமல், திங்கள்தோறும் ஒரு நூலை வெட்டியும் ஒட்டியும் வாதிடும் மன்றமாகும். நூலக வரி எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று என்னும் கணக்கு, வாயிற் பலகையிலே எழுதப்படும்.

"தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்க்கு இடம் போதவில்லை, பேச்சுக்கு ஏது இடம்?" என்பார் உளர். தேர்வுக்குப் படிக்கட்டும், வேலையும் பெறட்டும். ஆனால் வகுப்பறையில் அன்றாடம் நிற்கும் நாம் அறிவோம்: விடையை மனப்பாடம் செய்தவர் தேர்வில் வெல்வர், வினா எழுப்பப் பழகியவரே மக்களாட்சியைக் காப்பர்.

தோழர்களே, இவ்வாரமே உங்கள் ஊர் நூலகத்துக்குச் செல்லுங்கள். வாசகர் வட்டம் என்று கூடுகிறது எனக் கேளுங்கள். கூடவில்லை என்றால், கூட்டுங்கள்!